பேட்ச் கேபிளுக்கு எந்த நிறம் வைக்கலாம்?

வணக்கம் நண்பர்களே. ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறேன். ரேக்கில், கம்ப்யூட்டர்களை நெட்வொர்க்கில் இணைக்கும் 24 போர்ட் ஸ்விட்ச் இரண்டு இருக்கிறது. அதில் செருகியிருக்கும் பேட்ச் கேபிள் (குட்டி நெட்வொர்க் கேபிள்) எல்லாமே ஒரே சாம்பல் நிறம், இடியாப்பச் சிக்கல். போன மாதம் லேப் கேபிள் என்று நினைத்து ஆபீஸ் பிரின்டருடையதைப் பிடுங்கிவிட்டேன். தலைமையாசிரியை அம்மாவிடம் வாங்கிய திட்டு தனிக்கதை.

கோடை விடுமுறையில் எல்லாவற்றையும் புது கேட் 6 (Cat 6) வகை நெட்வொர்க் கேபிளாக மாற்றப்போகிறோம். லேப்புக்கு நீலம், ஆபீசுக்கு மஞ்சள், கேபிள் வழியாகவே கரண்ட் வாங்கும் கேமரா, வைஃபை பெட்டிகளுக்குச் சிவப்பு, இரண்டு ஸ்விட்சையும் இணைப்பதற்குப் பச்சை என்று யோசித்தேன். நிறத்தால் வேகம் மாறாது, தெரியும். என் கவலை வேறு. அவசரத்துக்கு ரேக்கைத் திறக்கும் எலக்ட்ரீஷியன் அண்ணனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது! பச்சைக்குப் பதில் வெள்ளை போடலாமா?

இன்னொரு குழப்பம்: நிறத்தை விலான்படி (VLAN, ஒரே ஸ்விட்சுக்குள் செட்டிங்கில் பிரிக்கும் தனித்தனி நெட்வொர்க்) பிரிப்பதா, கருவிப்படி பிரிப்பதா? விலானை உட்கார்ந்த இடத்திலிருந்தே ஸ்விட்ச் செட்டிங்கில் மாற்றிவிடலாம், கேபிள் நிறம் அப்படி மாறாதே. இரண்டு முனையிலும் நம்பர் ஒட்டினால் போதும், நிறமே வேண்டாம் என்கிறார் கடைக்காரர். ஒட்டிப் பார்த்தேன், ரேக் சூட்டில் உரிந்து வந்துவிட்டது. உரியாத லேபிள் எது? பள்ளியில் இந்த வேலை பார்த்தவர்கள் சொல்லுங்களேன். அடுத்த வாரம் ஆர்டர் போடணும்.