அழுத்தி மிதித்தால் 'டக்' சத்தம்: பாட்டம் பிராக்கெட்தானா?

ரோடு பைக் ஓட்டும் நண்பர்கள் யாராவது வழி சொல்லுங்கள். கார்பன் பிரேம், 86.5 மி.மீ. அகல பிரஸ்ஃபிட் (மரையில்லாமல் பிரேமுக்குள் அழுத்திப் பொருத்தும்) பாட்டம் பிராக்கெட், அதாவது கிராங்க் அச்சு சுழலும் பேரிங் தொகுதி; ஷிமானோ கிராங்க் (பெடல் மாட்டும் கை). ஈ.சி.ஆரில் எதிர்காற்றில் அழுத்தி மிதித்தால், வலது கால் கீழே இறங்கும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு 'டக்'. மிதிக்காமல் உருளவிட்டால் சத்தமே இல்லை. எழுந்து நின்று மிதித்தாலும் வருகிறது, அதனால் சீட்டையும் சீட் போஸ்ட்டையும் விட்டுவிட்டேன்.

பெடல்களைக் கழற்றி மரையைத் துடைத்து, கிரீஸ் தடவி மாட்டினேன். வேறு பெடலும் போட்டுப் பார்த்தாயிற்று. இடது கிராங்க் போல்ட்டுகள் டார்க் ரெஞ்சில் 12–14 நியூட்டன் மீட்டருக்குள்தான் இருக்கின்றன. செயின்ரிங் போல்ட்டும் சரி. கார்பன் பிரேமில் சத்தம் எங்கேயோ பிறந்து எங்கேயோ கேட்கும் என்பதால் பின் ஆக்ஸில், டிரெய்லியர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியைப் பிரேமில் தாங்கும் துண்டு) இரண்டையும்கூடத் துடைத்து மாட்டினேன். ம்ஹூம்!

கடையில் பேரிங் போய்விட்டது என்கிறார்கள். செயினை இறக்கிவிட்டு கிராங்க்கைச் சுற்றினால் வழவழவென்று சுற்றுகிறது, ஆட்டமும் இல்லை. பேரிங்கைத் தாங்கும் பிளாஸ்டிக் கப் பிரேமுக்குள் லேசாக அசைகிறதோ என்பது என் சந்தேகம்.

புதுக் கப்பை ரிட்டெய்னிங் காம்பவுண்ட் (இடைவெளியை நிரப்பி இறுகும் பசை) வைத்து அழுத்தினால் நிற்குமா? இல்லை, இரண்டு பாதியும் ஒன்றோடொன்று மரையில் இறுகும் வகைக்கே போய்விடலாமா? விலை கொஞ்சம் உறுத்துகிறது. அப்புறம், சென்னையில் பிரஸ் டூல் வைத்து, சுத்தியலைத் தொடாமல் இந்த வேலையைச் செய்பவர் யாராவது தெரியுமா?