அம்மா அப்பாவ ஆலப்புழை கூட்டிப்போகணும், போட் ஹவுஸ் எடுக்கலாமுங்களா?

கோபி_நெல்லு:
எல்லாருக்கும் வணக்கமுங்க. நமக்கு கோபி பக்கம், தடப்பள்ளி வாய்க்கா பாசனம். அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு 62. கல்யாணமாகி இத்தன வருசத்துல ரெண்டு பேரும் ஒட்டுக்கா வெளியூர் போனதுன்னா பழனி, திருப்பதி, அப்பறம் என்ற கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க ஈரோடு, அவ்ளோதான். போன மாசம் அம்மா டிவில போட் ஹவுஸ பாத்துட்டு "இதுல ஒரு நா படுத்து எந்திரிச்சா எப்படி இருக்கும்"னு ஒரே ஒருவாட்டி சொன்னாங்க. அப்பா உடனே "தண்ணி மேல படுக்கறதுக்கு காசு குடுக்கோணுமா, நம்ம வாய்க்கா மேட்டுல கட்டல போட்டா போச்சு"ன்னு முடிச்சு உட்டுட்டாரு. எனக்குத்தான் அது மனசுலயே நிக்குது. இப்ப கேள்வி என்னன்னா, அரையாண்டு லீவுல போலாமா இல்ல பொங்கல் கழிச்சா, அம்மாவுக்கு முட்டிவலி இருக்கு போட்டுல ஏறி எறங்க முடியுமா, அம்மா கறி மீனு எதுவும் தொடமாட்டாங்க சாப்பாடு எப்படி, முக்கியமா அப்பாவுக்கு அங்க பொழுது போகுமா, அவருக்கு சும்மா உக்காந்தா ஒரு மணி நேரத்துல "சேரி போலாமா"ன்னு ஆரம்பிச்சுருவாரு. போனவங்க சொல்லுங்க.

திருப்பூர்_கட்டிங்மாஸ்டர்:
நாங்க ரெண்டு வாட்டி போயிருக்கோம் தம்பி, மொதல்ல தப்பா போனோம், ரெண்டாவது சரியா போனோம். மொதவாட்டி கிறிஸ்மஸ் லீவுல போயி மாட்டுனோம். ரேட்டு டபுள், போட்டோவுல காட்டுன போட்டு வேற, நின்னுட்டிருந்த போட்டு வேற, கேட்டா அது ரிப்பேருக்கு போயிருச்சுன்னான். ஆலப்புழைல போட்டு ஏத்தற புன்னமடைல வண்டி பார்க்கிங் மாதிரி வரிசையா போட்டு, நம்ம முன்னாடி போட்டோட டீசல் பொக தான் நமக்கு காத்து. அரையாண்டு லீவ மறந்துருங்க.

போட் ஹவுஸ்னா என்னன்னு மொதல்ல தெரிஞ்சுக்குங்க, இது தெரியாமத்தான் எல்லாரும் ஏமாந்து போறாங்க. மத்தியானம் பன்னெண்டு மணி வாக்குல ஏத்துவாங்க, சாயந்தரம் அஞ்சர மணிக்கெல்லாம் ஏதாவது ஒரு கரைல கட்டிருவாங்க, ஏன்னா அதுக்கு மேல மீனவங்க வலை போடற நேரம். மறுநா எட்டு மணிக்கு கெளப்பி ஒரு ஒரு மணி நேரம் சுத்திட்டு எறக்கி உட்ருவாங்க. அப்ப நீங்க மெய்யா தண்ணில போறது அஞ்சாறு மணி நேரம், மிச்சமெல்லாம் கட்டிப்போட்ட ரூம்ல தான். ஏசி பல போட்டுல ராத்திரி ஒம்பதுலருந்து காலைல ஆறு வரைக்கும் மட்டும், இதையெல்லாம் பணம் கட்டறதுக்கு முன்னாடி கேட்டு எழுதி வாங்கிக்குங்க. ஸ்டேசன்ல எறங்குனதும் "சார் போட்டு போட்டு"ன்னு பின்னாடியே வர்றவங்ககிட்ட வாயே குடுக்காதீங்க.

ஆனா அம்மாவோட ஆசை படுத்து எந்திரிக்கறதுதான, அப்ப ஒரு ராத்திரி எடுத்துருங்க, அதுல கணக்கு பாக்காதீங்க. வெடியால அஞ்சரைக்கு எந்திரிச்சு வெளிய வந்து உக்காந்தோம், தண்ணி அப்படியே ஆடாம கெடக்குது, அந்தக் கரைல ஒரு அம்மா படிக்கட்டுல உக்காந்து பாத்திரம் கழுவற சத்தம் இங்க கேக்குது. அதுக்கே காசு சரியாப்போச்சு.

பவானி_ஜமுக்காளம்:
அட அவ்ளோ தூரம் எதுக்குங்க, மொதல்ல அப்பாவ ஒரு ஞாயித்துக்கெழம நெரிஞ்சிப்பேட்டைக்கு கூட்டிட்டு போயி டெஸ்ட் பண்ணிப் பாருங்க. பவானிலருந்து மேட்டூர் ரோட்டுல அம்மாபேட்டை தாண்டுனா வந்துரும். அங்க கரண்டு எடுக்கறதுக்காக காவேரில கதவணை கட்டி தண்ணிய நிறுத்தி வச்சிருக்கறதால ஆறே ஏரி மாதிரி நிக்கும், இக்கட்ட நெரிஞ்சிப்பேட்டை நம்ம ஈரோடு மாவட்டம், அக்கட்ட பூலாம்பட்டி சேலம் மாவட்டம், நடுவுல விசைப்படகு. சும்மா டூரிஸ்டு போட்டு இல்ல, மூட்ட முடிச்சோட ஜனங்க சந்தைக்கு போற போட்டு, பைக்கெல்லாம் ஏத்துவாங்க. பூலாம்பட்டிய குட்டி கேரளான்னு சொல்றது சும்மா இல்லீங்க, கரையோரம் பூரா தென்னமரம். மீன் வறுவலும் உண்டு, அம்மாவுக்கு ஆகாது, நீங்க சாப்பிடுங்க.

ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க, கதவணைல பராமரிப்பு வேலைன்னு தண்ணிய தொறந்து உட்டுட்டா வெறும் பாறைதான் தெரியும், மேட்டூர்ல எச்சா தண்ணி தொறந்தாலும் போட்ட நிறுத்திருவாங்க. போறதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் ஆள் இருந்தா ஒரு போன் போட்டு கேட்டுக்குங்க.

கோபி_நெல்லு:
அண்ணா பூலாம்பட்டிக்கு அப்பா பத்து தடவ போயிருக்காரு, எங்க அத்தை ஊடே அந்தப் பக்கந்தான். "தெரிஞ்ச தண்ணி"ன்னு சொல்லிருவாரு. :)

சென்னிமலை_வாத்தியார்:
தம்பி, உங்கப்பாவுக்கு பொழுது போகுமான்னு கேட்டீங்கல்ல, அதுக்கு நான் பதில் சொல்றேன். அவரை காயல் (கடலோரத்து உப்பங்கழி) பாக்க கூட்டிட்டுப் போறேன்னு சொல்லாதீங்க, ஆலப்புழைய சுத்தி இருக்கற குட்டநாட்டு நெல்லு பாக்க போலாம்னு சொல்லுங்க, அவரே பைய எடுத்துட்டு முன்னாடி நிப்பாரு.

நாம என்ன பண்றோம், கொடிவேரில இருந்து வாய்க்கா புடிச்சு, மொறை வச்சு, மடை தொறந்து, தண்ணி வயலுக்குள்ள வர்றதுக்கு சண்ட போட்டுட்டு இருக்கோம். அங்க தலகீழ். வயலு கடல் மட்டத்துக்கும் கீழ இருக்குது, எடத்தப் பொறுத்து நாலடில இருந்து பத்தடி வரைக்கும் பள்ளம். சுத்தி வரப்பு இல்ல, வரப்பு மாதிரி பெரிய கரை கட்டி, உள்ள நிக்கற தண்ணிய வெளிய எறைச்சு ஊத்திட்டுத்தான் வெதைக்கவே முடியும். அதுக்குன்னு பெட்டி, பறைன்னு மரத்துல செஞ்ச ஒரு பம்பு செட்டு வச்சிருக்காங்க, மோட்டார்ல ஓடுது. போட்டுல போறப்ப நீங்க தண்ணி மேல இருப்பீங்க, கரைக்கு அந்தப்பக்கம் நெல்லு உங்க காலுக்கும் கீழ இருக்கும், ஒரு விவசாயிக்கு அத நம்பறதுக்கே சித்த நேரம் ஆகும். இந்த வெள்ளாமை மொறைக்கு 2013ல ஐநாவோட உணவு வேளாண்மை அமைப்பு பாரம்பரியம்னு அங்கீகாரம் குடுத்திருக்கு.

எப்ப போகணும்னா, அவங்க புஞ்சைன்னு சொல்ற போகம் தான் முக்கியம் (நம்ம புஞ்சை இல்லீங்க, அங்க அது நெல்லு போகத்துக்கு பேரு). மழக்காலம் முடிஞ்சு வெதைச்சு மார்ச் வாக்குல அறுப்பாங்க. அதனால தை மாசக் கடைசில போனா பச்சையா நிக்கும், நம்ம பக்கமும் அறுப்பு வேலை ஓஞ்சிருக்கும். ஜூன்ல இருந்து போகாதீங்க, பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில்னு நாலு ஆத்துத் தண்ணியும் அங்கதான் வந்து எறங்குது, 2018 வெள்ளத்துல என்ன ஆச்சுன்னு பாத்தோமே.

இன்னொன்னு, தண்ணீர்முக்கம்னு ஒரு தடுப்பணை, வேம்பநாட்டுக் காயலுக்கு குறுக்க, 1970கள்ல கட்டுனது. கடல் உப்பு நெல்லுக்குள்ள வரக்கூடாதுன்னு டிசம்பர் வாக்குல ஷட்டர மூடுவாங்க. நெல்லுக்கு நல்லது, மீனுக்கு கஷ்டம், உப்பு வராததால ஆகாயத்தாமரையும் சாகறதில்ல. நம்ம கோயமுத்தூர் குளத்துல படர்ந்து கெடக்குதே அதே தான், அங்கயும் போட்டோட விசிறில சுத்திக்கும். அந்தத் தடுப்பணை மேல ரோடே போகுது, குமரகத்துல இருந்து சேர்த்தலை போறப்ப நிறுத்தி அப்பாவுக்கு காட்டுங்க, ஷட்டர் பாத்தா அவருக்கு வாய்க்கா ஞாபகம் வந்துரும்.

ஈரோடு_கடைவீதி:
வாத்தியார் சொன்னதோட இதையும் சேத்துக்குங்க. போட் ஹவுஸ் ஒரு நா, அடுத்த நா கவர்மெண்டு போட்டு. ஆலப்புழை ஜெட்டில இருந்து நெடுமுடி, காவாலம்னு கேரளா அரசோட நீர்வழிப் போக்குவரத்து போட்டு போகுது, நம்ம டவுன் பஸ் மாதிரி, டிக்கெட் காசு ரொம்ப கம்மி. ஸ்கூல் புள்ளைங்க, காய்கறிப் பை, எல்லாம் ஏறும். பெரிய போட்டு நொழையாத சின்ன வாய்க்காலுக்கு உள்ளெல்லாம் இது போகும். நாங்க போட் ஹவுஸ்ல பாத்ததவிட இதுலதான் எச்சா பாத்தோம், மெய்யா சொல்றேன்.

அப்பறம் ஈரோட்டுக்காரன்ங்கறதால சொல்றேன், வைக்கம் போகாம வந்துறாதீங்க. அதே வேம்பநாட்டுக் காயலோட கெழக்குக் கரை. 1924ல கோயில சுத்தி இருக்கற தெருவுல எல்லா ஜாதிக்காரங்களும் நடக்கோணும்னு நடந்த போராட்டத்துக்கு நம்ம ஊரு பெரியார் போயி ஜெயில்ல இருந்த எடம், நினைவகத்த புதுப்பிச்சு 2024 டிசம்பர்ல தொறந்தாங்க. சேர்த்தலை பக்கம் தவணக்கடவுல இருந்து வைக்கத்துக்கு போட்டுல போலாம், இந்த வழித்தடத்துல தான் 2017ல நாட்டோட மொதல் சோலார் பயணிகள் போட்ட உட்டாங்க. சத்தமே இருக்காது. அம்மாவுக்கு கோயிலு, உங்களுக்கு நினைவகம், ரெண்டும் ஆச்சு.

ரயில்னா சென்னை ஆலப்புழை எக்ஸ்பிரஸ் நடுராத்திரி தாண்டி ஈரோட்டுக்கு வரும், காலைல போயி எறங்கிக்கலாம். போட்டு ஏத்தறதும் மத்தியானந்தான, சரியா இருக்கும்.

மசக்காளிபாளையம்_அக்கா:
முட்டிவலி பத்தி யாருமே சொல்லலையே கண்ணு, ஆம்பளைங்க எல்லாம் ஷட்டரும் மோட்டாரும் பேசிட்டு இருக்கீங்க. எங்க மாமியாரோட போன அனுபவத்துல சொல்றேன். போட் ஹவுஸ்ல ஏர்றதுக்கு சில எடத்துல ஒரு பலகை தான், கைப்புடி கெடையாது, நல்ல ஜெட்டில இருந்து ஏத்துங்கன்னு முன்னாடியே சொல்லிருங்க. மாடி டெக் இருக்கற போட்டு எடுக்காதீங்க, அந்த சுத்துப்படி அம்மாவால ஏற முடியாது, அப்பறம் நீங்க மேல போட்டோ எடுத்துட்டு இருப்பீங்க அவங்க கீழ தனியா உக்காந்திருப்பாங்க. பாத்ரூம்ல வெஸ்டர்ன் இருக்கும், வாசப்படி உயரமான்னு கேட்டுக்குங்க.

சாப்பாடு, சமையக்காரர் போட்டுலயே இருப்பாரு, சைவம்னு சொன்னா தனியா செய்வாரு. எண்ணெய்தான் பிரச்சனை. எங்க மாமியாருக்கு தேங்காயெண்ணெய் தாளிப்பு வாசத்துக்கே ஒரு வாய் எறங்கல. அடுத்தவாட்டி கடலயெண்ணெய் ஒரு அரை லிட்டரு கையோட கொண்டு போயி குடுத்துட்டோம், அவரும் சிரிச்சுட்டே வாங்கி வச்சுக்கிட்டாரு. கூட ரெண்டு டப்பா பருப்புப்பொடி போட்டுக்குங்க.

லைஃப் ஜாக்கெட்ட கேட்டு வாங்கி போட்டு உடுங்க, அப்பா "எனக்கு நீச்சல் தெரியும்"னு சொல்லுவாரு, கேக்காதீங்க. 2023 மே மாசம் கேரளால தானூர்ல டூரிஸ்டு போட்டு கவுந்து 22 பேரு போனாங்க, ஆள் எச்சா ஏத்துனதுதான். நெறஞ்ச போட்டுன்னு தோணுனா அடுத்ததுல போங்க.

கோபி_நெல்லு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. வாத்தியாரண்ணன் எழுதுனத அப்பாவுக்கு அப்படியே படிச்சு காட்டுனேன். ஒண்ணும் பேசல. மம்மட்டிய எடுத்துட்டு வயலுக்கு போயிட்டாரு. பொழுதோட வந்து, "அவங்களுக்கு கரண்டு போச்சுன்னா மோட்டாரு நிக்குமே, அப்ப தண்ணி உள்ள ஏறிக்காதா"ன்னு கேட்டாரு. தெரியலப்பான்னேன். "அப்ப போயிக் கேட்டுட்டு வரலாம்"னாரு. தை கடைசி வாரத்துக்கு டிக்கெட் போடப்போறேன், நாலு லோயர் பெர்த் கெடைக்குமான்னுதான் தெரியல. அம்மா இப்பவே பருப்புப்பொடி அரைக்க தொவரம்பருப்பு காய வச்சுட்டாங்க, இன்னும் ரெண்டு மாசம் இருக்குதுங்க.