சுதீர் பட்வர்தன் ஓவியங்கள்: கூட்டத்த வரைஞ்சா அந்தக் கூட்டத்துக்கு என்ன கெடச்சுது?

தாதர்வாசி:
மும்பை ஓவியர் பட்வர்தன் வரையறது மக்கள் ஓவியம்னு எல்லாரும் சொல்றீங்க. 2019 கடைசில ஆரம்பிச்சு 2020 பிப்ரவரி வரைக்கும் மும்பை காலா கோடால, தேசிய நவீன கலைக்கூடத்துல பட்வர்தனோட அம்பது வருஷப் படங்கள மொத்தமா வச்சாங்களே, ‘வாக்கிங் த்ரூ சோல் சிட்டி’ன்னு, அதுக்கு ரெண்டு தடவ போனேன். கூலிக்காரங்க, ரயில் கூட்டம், இரானி ஹோட்டல்ல உக்காந்திருக்கவரு, எல்லாரும் சுவத்துல இருக்காங்க, ஹாலுக்குள்ள அப்பிடி ஒருத்தர கூட நான் பாக்கல. வாங்கறதும் பணம் இருக்கறவங்கதான். இத எப்பிடி மக்கள் ஓவியம்னு சொல்றீங்க?

தானேக்காரி:
அவரு தள்ளி நின்னு வேடிக்க பாத்த ஆள் இல்லங்க. 2005 வரைக்கும் முப்பது வருஷம் தானேல ரேடியாலஜிஸ்ட்டா இருந்தவரு, பகல்ல எக்ஸ்ரே மிச்ச நேரத்துல பிரஷ்ஷு. மூட்ட தூக்கி தேஞ்ச முதுக தெனம் பாத்தவருக்குத்தான் ஒரு மனுஷன் நிக்கும்போது எந்தக் கால்ல பாரத்த போடறான்னு வரைய வரும். அப்பறம் 2008 வாக்குல பல ஓவியர்களோட படங்கள சேத்து மகாராஷ்டிராவுல சின்ன ஊர்களுக்கெல்லாம் கொண்டுபோன கண்காட்சிய முன்ன நின்னு நடத்தினதும் அவருதான், மும்பைல மாட்டினா போதும்னு அவரு விடல.

தாதர்வாசி:
ஊர் ஊரா கொண்டுபோனது பெரிய விஷயம், ஒத்துக்கறேன். ஆனா டாக்டர் பாக்கறதும் ஒரு பக்கப் பார்வைதானே, சட்டைய கழட்டிட்டு நிக்கறவரு திருப்பி டாக்டர பாக்கறது இல்ல. இன்னொண்ணு, அவரோட கூட்டத்துல முக்காவாசி பேரு ஒருத்தர ஒருத்தர் பாக்கவே மாட்டாங்க, அவங்கவங்க அவங்கவங்க யோசனைல இருப்பாங்க. உறவு எங்க இருக்கு அதுல?

பரேல்பேரன்:
அண்ணே நீங்க ஸ்லோ லோக்கல் ரயில்ல தெனம் போற ஆளா? மூணு பேரு சீட்டுல நாலாவது ஆளு வந்து நின்னா வாயத் தொறந்து கேக்க மாட்டாரு, கைய லேசா ஆட்டுவாரு, மூணு பேரும் முகத்தக் கூட பாக்காம இடுப்ப ஒரு இன்ச்சு நகத்துவாங்க, அவரு பாதித் தொடைய வச்சு உக்காந்துருவாரு, கல்யாண் ஸ்டேஷன் வரைக்கும் யாரும் யார்கிட்டயும் பேச மாட்டாங்க. அது உறவு இல்லன்னு எப்பிடி சொல்வீங்க? மும்பைல கண்ணு பேசாது, தோளுதான் பேசும், அத அவரு சரியா புடிச்சிருக்காருன்னுதான் எனக்குப் படுது.

அந்த ஷோவுக்கு எங்க அப்பாவ கூட்டிட்டுப் போனேன். திருநெல்வேலிலேர்ந்து வந்து மில்லுல சேந்தவரு, 1982 மும்பை மில் ஸ்ட்ரைக்குல ரெண்டரை லட்சம் பேரு வெளில நின்னாங்களே, அதுல ஒருத்தரு, அப்பறம் மில்லுக்குள்ள காலே வைக்கல. மில்லுங்க இருந்த ஏரியாவ பட்வர்தன் 2001ல வரஞ்ச ‘லோயர் பரேல்’ படத்துக்கு முன்னாடி இருவது நிமிஷம் நின்னாரு. வெரல நீட்டாம மோவாயாலயே காட்டி, இப்பிடித்தான் எறங்கி நடப்போம்னாரு. பக்கத்துல ஒரு மராத்திப் பெரியவரு, எந்த மில்லுன்னு கேட்டாரு. அவ்வளவுதான், ரெண்டு பேரும் படத்த விட்டுட்டு பெஞ்சுல உக்காந்துட்டாங்க, எந்த டிபார்ட்மெண்ட்டு, எந்த ஷிஃப்ட்டு, யாரு ஊருக்குப் போயிட்டாங்கன்னு ஒரே பேச்சு. நான்தான் தனியா சுத்திட்டிருந்தேன்.

தாதர்வாசி:
தம்பி, இத மொதல்லயே எழுதிருக்கலாமே. எனக்கு ஹால் காலியா இருந்தது உறுத்துச்சு, அதனாலதான் கோவமா எழுதினேன், அந்தக் கோவம் இன்னும் இருக்கு. ஒரு அப்பாவ கூட்டிட்டு வர ஒரு மகன் வேணும்னா, மகன் இல்லாதவங்க எப்பிடி வருவாங்க? அந்தப் படத்தோட பெரிய பிரிண்ட்ட லோயர் பரேல் ஸ்டேஷன் படிக்கட்டுப் பக்கத்துல மாட்டணும்.

தானேக்காரி:
ஸ்டேஷன்ல மாட்டறதுக்கு நானும் கையெழுத்து போடறேன். ஆனா ஹால்ல இருக்கறதும் வேணும். ரெண்டு நிமிஷம் இடிபடாம நின்னு பாக்க எடம் வேணும்ல?

பரேல்பேரன்:
அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். படத்துல ஆளுங்கள தப்பா வரையலயாம், ஆனா போங்கா சத்தம் கேக்கலயாம். மில்லுல ஊதற சங்க எங்க வீட்ல போங்கான்னுதான் சொல்லுவோம். அந்த மராத்திக்காரரு நம்பர் வாங்காம விட்டுட்டேனேன்னு இன்னும் பொலம்பறாரு.