சுமைப் பகிர்வும் ஃபெயிலோவரும் ஒரே கிளஸ்டரில் கூடுமா?

நெடுவழி:
எங்கள் மைஎஸ்க்யூஎல் தரவுத்தள சர்வர் ஒன்றே ஒன்றுதான். அது நின்றால் எல்லாம் நின்றுவிடும். ஆகவே ஒன்று விழுந்தால் மற்றது அதன் வேலையை ஏற்கும்படி (அதுதான் ஃபெயிலோவர்), இரண்டு நோடுகளை, அதாவது சர்வர்களை, ஒரே தரவை வைத்திருக்கும் கலேரா கிளஸ்டராக அமைத்து, முன்னால் ஹெச்ஏபிராக்ஸி என்ற சுமைப் பகிர்வு மென்பொருளை வைத்து, படிப்பதையும் எழுதுவதையும் இரண்டுக்கும் பிரித்து அனுப்ப விரும்புகிறேன். நகல் சர்வரைச் சும்மா நிறுத்திவைப்பது வீண் செலவு என்பது என் கருத்து.

கல்தூண்:
எழுதும் சுமை இதனால் குறையாது. கலேராவில் ஒரு நோடில் எழுதியது மற்ற எல்லா நோடுகளிலும் எழுதப்பட்டாக வேண்டும். ஒரே பதிவை இரு நோடுகளில் ஒரே நேரத்தில் மாற்றினால், பிந்தியது கமிட் செய்யும்போது, அதாவது மாற்றத்தை உறுதிப்படுத்தும்போது, டெட்லாக் என்ற மோதல் பிழையோடு திரும்பும். அப்போது மறுபடி முயலும்படி உங்கள் செயலி எழுதப்பட்டிருக்கிறதா? இரண்டே நோடுகள் என்பது அதைவிட மோசம். ஒன்று திடீரென மறைந்தால் எஞ்சியதிடம் சரிபாதி வாக்குதான் இருக்கும். குவோரத்துக்கு, அதாவது கிளஸ்டர் இயங்கத் தேவையான பெரும்பான்மைக்கு, பாதிக்கு மேல் வேண்டுமாதலால் அதுவும் வினவல்களை மறுத்துவிடும்.

நெடுவழி:
குவோரம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். தரவை வைத்துக்கொள்ளாமல் வாக்கு மட்டும் அளிக்கும் கலேரா ஆர்பிட்ரேட்டரை மூன்றாவது இயந்திரத்தில் ஓட்டினால் அது தீரும். எழுதுவதையும் ஒரே நோடுக்கு அனுப்புகிறேன். ஆனால் படிப்பதைப் பிரிப்பதில் என்ன தவறு?

கல்தூண்:
இரு நோடுகளும் 70 விழுக்காடு திறனில் ஓடும்போது ஒன்று விழுந்தால், மற்றதன் தலையில் 140 விழுக்காடு ஏறும்; வன்பொருள் பழுதால் முதலாவது போக, சுமை தாங்காமல் இரண்டாவதும் போகும். நீங்கள் வீண் என்னும் அந்தச் சும்மா கிடக்கும் திறன்தான், ஐயா, ஃபெயிலோவருக்கு நாம் கொடுக்கும் விலை.

இரவுக்காவல்:
தானாக நடக்கும் ஃபெயிலோவர் நல்லது என்றே இருவரும் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். 2018 அக்டோபர் 21 அன்று, நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப்பில் வலையமைப்பு இணைப்பு அறுந்தது வெறும் 43 வினாடிகள். ஆர்கெஸ்ட்ரேட்டர் என்ற கருவி அமெரிக்க மேற்குக் கரை சர்வர்களைத் தானாகவே முதன்மையாக்கிவிட்டது, அதாவது எழுதுவதை ஏற்கும் சர்வர்களாக்கிவிட்டது; கிழக்கில் எழுதப்பட்டு மேற்கை எட்டாத பதிவுகள் ஒருபுறம், மேற்கில் புதிதாக எழுதப்பட்டவை மறுபுறம் எனத் தரவு பிரிந்துபோக, சேவை 24 மணி 11 நிமிடம் சீர்குலைந்திருந்தது. முதன்மையை மாற்றும் முடிவை மனிதரே எடுக்க வேண்டும்.

கல்தூண்:
அந்த உதாரணம் இங்கே பொருந்தாது. அங்கே நகலாக்கம் கரை விட்டுக் கரைக்கு, ஒத்திசைவின்றி, அதாவது நகலை எட்டும்வரை காத்திராமல் நடந்தது. கலேராவில் குவோரம் இழந்த பக்கம் எழுத மறுத்துவிடும்.

இரவுக்காவல்:
எழுத மறுப்பதும் பயனருக்குச் சேவை நின்றதுதான். எது நிற்கலாம், எது நிற்கக் கூடாது என்பதை நெடுவழி முதலில் சொல்லட்டும்.

நெடுவழி:
படிப்பது நிற்கக் கூடாது; எழுதுவது சில நிமிடங்கள் காத்திருக்கலாம்.

கல்தூண்:
அப்படியானால் உங்களுக்குக் கலேராவே தேவையில்லை. ஒரு முதன்மை சர்வர், ஒத்திசைவற்ற இரு நகல்கள், கையால் செய்யும் ஃபெயிலோவர் போதும். முதன்மை விழும் கணத்தில் நகலை எட்டாத கடைசிச் சில பதிவுகள் போகக்கூடும் என்பதை மட்டும் உங்கள் மேலாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.