ஜெர்மன் பாராசூட் படைக்காரர் ஒருவருக்குக் கடிதம் எழுதணும், வழி சொல்லுங்கள்

மார்த்தாண்டம் ரப்பர்:

எனக்கு ஊர் மார்த்தாண்டம், களியக்காவிளைக்கு இந்தப் பக்கம். ரப்பர் ஷீட் வாங்கி விற்கிற தொழில். ராணுவத் தபால் உறைகள், படைவீரர்களின் கடிதங்கள், கையெழுத்துப் படங்கள் சேர்க்கிற பழக்கம் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. ஜெர்மன்காரர்களுடையது கையில் கொஞ்சம்தான். குந்தர் ரால் கையெழுத்திட்ட படம் ஒன்று இருக்கிறது, அதுவும் திருவனந்தபுரத்தில் ஒரு சேட்டனிடம் தபால்தலை வெளியான அன்றே முத்திரை குத்திய முதல் நாள் உறைகளைக் கொடுத்து மாற்றிக்கொண்டது. இரண்டாம் உலகப்போரில் 275 விமானங்களை வீழ்த்திய விமானி, பிற்பாடு மேற்கு ஜெர்மனி விமானப்படைக்கே தலைமை வகித்தவர், 2009-இல் காலமானார். உயிரோடு இருக்கிற ஒருவருக்கு நானே எழுதியது இதுவரை இல்லை.

இப்போது சேகரிப்பாளர் குழுக்களில் ஒரு விலாசப் பட்டியல் சுற்றுகிறது. அதில் 1925-இல் பிறந்த ஒருவர். 1-வது பாராசூட் டிவிஷன், இத்தாலி, முதல் வகுப்பு இரும்புச் சிலுவை என்ற வீரப் பதக்கம், 1944-இல் பெரும்போர் நடந்த மோன்டே காசினோ மலையில் இருந்தவர் என்று போட்டிருக்கிறது. எங்கள் பாட்டாவும் அதே மலையடியில் இருந்தார், எதிர்த் தரப்பில். மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் பிரிவு, 4-வது இந்திய டிவிஷன். அந்தச் சரிவில் டாங்கி ஏறுவதற்குச் சாலை வெட்டினார்களே, கேவெண்டிஷ் ரோடு, அதில் வேலை செய்தார் என்று வீட்டில் பேச்சு. இத்தாலியைப் பற்றி அவர் அதிகம் சொன்னதில்லை. மழை, சேறு, கோவேறு கழுதை. அப்புறம், "மேல இருந்தவனுக்கு எங்களை எல்லாம் தெரியும், எங்களுக்கு அவனைத் தெரியாது" என்பார்.

அந்த மேலே இருந்தவர்களில் ஒருவர் இன்னும் இருக்கிறார் என்றால் எழுதிப் பார்க்கலாமே என்று ஆசை. ஜெர்மனில் எழுதவா, ஆங்கிலம் போதுமா? பதில் வர தபால்தலை எப்படி வைப்பது? சித்தி மகள் ஒருத்தி நியூரம்பெர்க் பக்கம் நர்ஸ். அவளை நேரில் போய்க் கையெழுத்து வாங்கிவரச் சொல்லலாமா? சேட்டன், "அஞ்சு படம் அனுப்பு, ஒண்ணை நீ வச்சுக்கோ, நாலை வித்தா செலவு கழியும்" என்கிறார். வீட்டில் மனைவியோ, "ஹிட்லர் ஆளுக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கு" என்கிறாள். இரண்டுக்கும் என்னிடம் சரியான பதில் இல்லை.

வடசேரி தபால்தலை:

தம்பி, நான் 1980-களிலிருந்து இந்தக் கூட்டத்தில் இருக்கிறவன். அப்போதெல்லாம் வெளிநாட்டில் தபால்தலையாக மாற்றிக்கொள்ளும் சர்வதேசப் பதில் கூப்பன் வாங்கி உறைக்குள் வைத்து அனுப்பிவிட்டுத் தபால்காரரை எதிர்பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்திருப்போம். பதில் போடுகிறவர்கள் நன்றாகவே போடுவார்கள். டாங்கிப் படையில் பேர் வாங்கிய ஓட்டோ காரியுஸ் போருக்குப் பிறகு மருந்துக்கடை வைத்தார். அவர் தலைமையேற்ற டாங்கியின் பெயரையே கடைக்கும் வைத்து 'டைகர் அப்போதெக்கே' என்றார். உலகம் முழுவதிலுமிருந்து சேகரிப்பாளர்கள் அவருக்கு எழுதினார்கள். 2015-இல் அவரும் போய்விட்டார். ரிட்டர்கிராய்ட்ஸ் என்கிற நைட்ஸ் கிராஸ், இரும்புச் சிலுவைக்கும் மேலான பதக்கம், அதை வாங்கியவர்கள் மொத்தம் ஏழாயிரத்துச் சொச்சம் பேர். இன்று மிஞ்சியிருந்தாலும் மிகமிகச் சிலராகத்தான் இருப்பார்கள். இரும்புச் சிலுவைக்காரர்களும் நூறை ஒட்டியவர்கள்தான்.

ஜெர்மனில் எழுது. ஒரே பக்கம், பெரிய எழுத்து. 'சேர் கேயேர்ட்டர் ஹெர்' என்று தொடங்கிக் குடும்பப் பெயரைப் போடு, போதும். மாவீரரே, சிங்கமே எல்லாம் வேண்டாம், அவர்களில் பலருக்கு அது பிடிக்காது, பிடிக்கிறவர்களிடம் நமக்கு வேலை இல்லை. எத்தனை பேரைக் கொன்றீர்கள் என்று கேட்காதே. கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்! ஒன்றிரண்டு வரியில் பதில் சொல்லக்கூடிய சின்னக் கேள்வியாக இருக்கட்டும். சாப்பாடு எப்படி மேலே வந்தது, ராத்திரியில் எதிர்ப் பக்கத்துச் சத்தம் கேட்டதா, அந்த மாதிரி.

நம்மூர்த் தபால்தலையை ஒட்டிய பதிலுறை அங்கே செல்லாது. ஜெர்மன் தபால் நிறுவனமான டாய்ச்ச போஸ்ட் இணையதளத்தில் பணம் கட்டினால் தபால்தலையை நாமே அச்சடித்துக்கொள்ளலாம். வெளிநாட்டுச் சாதாரணக் கடிதத்துக்கு 2025 விலைப்படி 1.25 யூரோ. சித்தி மகளிடம் கேட்க வேண்டிய உதவி இது ஒன்றுதான்.

போர்க்காலப் படத்தை இணையத்திலிருந்து இறக்கி அச்சடித்து அனுப்பாதே. ஸ்வஸ்திகா உள்ள பதக்கத்தை வெளியில் காட்டுவதே அங்கே குற்றம். 1957-இல் சட்டம் போட்டுத்தான் பழைய பதக்கங்களை அணிய விட்டார்கள், அதுவும் ஸ்வஸ்திகாவை எடுத்துவிட்டு. இரும்புச் சிலுவையில் அந்த இடத்தில் ஓக் இலை வந்தது. ஒருவர் போருக்குப் பிந்தைய படத்தில் மட்டும் கையெழுத்துப் போடுகிறார் என்றால் காரணம் இருக்கும்.

பதில் கையால் எழுதி வந்தால் பயப்படாதே. 1941 வரை அங்கே பள்ளிகளில் சூட்டர்லின் என்ற எழுத்துமுறையைக் கற்பித்தார்கள். கூர்கூராக மேலும் கீழும் போகும், இன்றைய ஜெர்மன் பிள்ளைகளுக்கே படிக்க வராது. 1925-இல் பிறந்தவர் சிறுவயதில் அதைத்தான் எழுதிப் பழகியிருப்பார். என்னிடம் அப்படி ஒரு கடிதம் படிக்க ஆள் கிடைக்காமல் வருடக்கணக்கில் கிடந்தது.

சேட்டன் கணக்குக்கு ஒரு வார்த்தை. சந்தையில் போலி அதிகம். எனக்குத் தெரிந்த ஒரு சோதனை, நடுக்கம். தொண்ணூற்றைந்தைத் தாண்டியவர் போட்டதாகச் சொல்லும் கையெழுத்து ஆற்றொழுக்காக நேராக ஓடினால் நான் வாங்கமாட்டேன்.

செங்கோட்டை வாத்தியார்:

உங்கள் வீட்டம்மா கேட்டதைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள் அண்ணாச்சி. இந்தச் சேகரிப்பாளர் வட்டாரத்தில் "அவர் வெறும் சிப்பாய்" என்று ஒரு வசனம் உண்டு. பதக்கத்தைத் தனியாகவும் அது எந்த ஆட்சி கொடுத்தது என்பதைத் தனியாகவும் வைக்கப் பார்க்கிற வசனம். ஜெர்மன்காரர்களே அதைப் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1995-இல் ஹாம்பர்க் ஆய்வு நிறுவனம் ஒன்று, நாஜி ஆட்சிக்கால ஜெர்மன் ராணுவமான வேர்மாக்ட் படையின் குற்றங்களைப் படங்களோடு ஊர் ஊராகக் கண்காட்சி வைத்தபோது நாடே இரண்டுபட்டது.

ஹன்ஸ் உல்ரிக் ரூடல் என்று ஒரு விமானி. நைட்ஸ் கிராஸ் பதக்கத்தின் மிக உயர்ந்த படியை வாங்கிய ஒரே ஆள், கடைசிவரை நாஜிக் கொள்கையை விடாதவர். 1976-இல் பழைய படைப்பிரிவுக் கூடுகையில் அவர் கலந்துகொண்டதை நியாயப்படுத்திப் பேசிய இரண்டு விமானப்படை ஜெனரல்களுக்குப் பதவி போனது. அதில் ஒருவர் வால்டர் க்ருபின்ஸ்கி, அவரும் பெரிய பதக்கக்காரர்தான். 1999-இல் நைட்ஸ் கிராஸ் வாங்கியோர் சங்கத்தோடு ராணுவம் அதிகாரபூர்வத் தொடர்பு வைக்கக்கூடாது என்று பாதுகாப்பு அமைச்சர் ஷார்ப்பிங் நிறுத்தினார். அவர்கள் நாட்டு ராணுவமே விலகி நின்ற இடத்தில் நாம் மாலையோடு போய் நிற்கவேண்டியதில்லை.

எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதலில் ஆள் எந்தப் பிரிவு, எந்த வருடம் எங்கே என்று பாருங்கள். 1941 ஜூனில் கிரீட் தீவில் கொண்டொமாரி என்ற கிராமத்து ஆண்களைச் சுட்டுக் கொன்றவர்கள் பாராசூட் படைக்காரர்கள். நீங்கள் சொல்பவர் 1925-இல் பிறந்தவர், அப்போது வயது பதினைந்தோ பதினாறோ, அங்கே இருந்திருக்க வழியில்லை. இத்தாலியிலும் 1944-இல் சான்ட்டான்னா, மார்ட்சபோட்டோ என்று கிராமங்களே அழிந்தன, அவை நாஜிக் கட்சியின் ஆயுதப் படையான எஸ்.எஸ். பிரிவின் வேலை. எஸ்.எஸ். என்றால் நான் எழுதமாட்டேன், அது என் கோடு. போருக்குப் பிறகு நடந்த போர்க்குற்ற விசாரணையின் நியூரம்பெர்க் தீர்ப்பு அந்த அமைப்பையே குற்ற அமைப்பு என்று சொல்லிவிட்டது. சந்தையில் அவர்கள் கையெழுத்துக்கு அடித்துக்கொள்கிறார்கள், அதைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும்.

முதியவர் என்பதற்கான மரியாதையைக் கொடுங்கள். பதக்கத்தைப் பற்றிக் கடிதத்தில் பேச்சே எடுக்க வேண்டாம்.

கொல்லங்கோட்டுப் பொண்ணு:

நான் தூரிங்கியா மாநிலத்தில் முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ். இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அண்ணா, முதலில் உங்கள் சித்தி மகளை இதில் இழுக்காதீர்கள். இல்லத்தில் யார் இருக்கிறார், யாருக்கு என்ன கடந்தகாலம் என்று வெளியே சொல்வதே எங்களுக்குச் சட்டப்படி குற்றம். கையெழுத்து வாங்கித் தந்தாள் என்று தெரிந்தால் வேலையே போகலாம், அதோடு நிற்காமலும் போகலாம். மொழிப் பரீட்சை எழுதி, அங்கீகாரத்துக்கு அலைந்து இங்கே வந்து சேர்ந்தவள். ஒரு கையெழுத்துக்காக அது போகணுமா?

அந்தப் பட்டியல் விஷயமும் எனக்குப் பிடிக்கவில்லை. இங்கே ஒரு பெரியவருக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே ஒரே மாதிரி ஆறு படம், கையெழுத்துப் போட ஒரு பேனாவும் சேர்த்து. காலையில் காபி மேஜையில் பிரித்தார். மருந்துச் சீட்டு, காப்பீட்டுத் தாள் என்று நாங்கள் தினமும் நீட்டுகிற காகிதங்களில் இதுவும் ஒன்று என்று நினைத்து வரிசையாகப் போட ஆரம்பித்துவிட்டார். படத்தில் இருப்பது தான்தான் என்றுகூட அவருக்கு அன்று நிச்சயமில்லை. அதே மேஜையில், போரின் கடைசியில், ஆறு வயதில், அன்றைய ஜெர்மனியின் கிழக்குப் பகுதியான கிழக்குப் பிரஷ்யாவிலிருந்து பனியில் நடந்து தப்பி வந்த ஒரு பாட்டி இருந்தார். படத்தில் சட்டை மேலிருந்த கழுகையும் ஸ்வஸ்திகாவையும் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். சாயந்திரம் மகள் வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார். என்னிடம் கத்தினார், நான்தானே அந்த நேரம் பணியில் இருந்தேன்.

உங்கள் சேட்டனின் நாலு படம் இப்படித்தான் கிடைக்கும்.

எழுதணும் என்றால் பட்டியல் விலாசத்துக்கு எழுதாதீர்கள். ஜெர்மன் பாராசூட் வீரர்கள் சங்கம் இன்னும் இருக்கிறது, அதற்கு எழுதிக் கடிதத்தைச் சேர்ப்பிக்கக் கேளுங்கள். அவருக்கோ வீட்டாருக்கோ விருப்பம் இருந்தால் வாங்கிக்கொள்ளட்டும். இந்த வயதில் கடிதத்தை வாசித்துக் காட்டுவது பெரும்பாலும் மகளோ பேரனோதான். கடிதம் போய்ச்சேரும்போது அவர் இல்லாமலும் போகலாம். அப்போதும் அந்த மகள் முழுசாகப் படிக்கக்கூடியதாக இருக்கணும். பதில் எழுதவேண்டிய கட்டாயம் இல்லை என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். அவர் படத்தை அனுப்பாமல் உங்கள் பாட்டாவின் படத்தை ஒன்று பிரதி எடுத்து வையுங்கள். யூனிபார்மில் இருந்தால் நல்லது.

மார்த்தாண்டம் ரப்பர்:

எல்லோருக்கும் நன்றி. சேட்டனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். ரால் படத்துக்கு இன்னும் நல்ல உறை கேட்டிருக்கலாம் என்று எனக்கும் இப்போது தோன்றுகிறது, அது வேறு கதை. சித்தி மகளிடம் தபால்தலையோடு நிறுத்திக்கொள்கிறேன். வாத்தியார் சொன்னதை வீட்டில் வாசித்துக் காட்டினேன், "அப்ப எழுதிக்கோ, ஆனா எனக்கும் காட்டிட்டு அனுப்பு" என்றாள்.

சங்கத்துக்குத் தனியாக ஒரு தாள். உள்ளே வைக்கும் கடிதம் இப்படி வருகிறது, குறை இருந்தால் சொல்லுங்கள்:

"ஐயா, நான் இந்தியாவின் தென்கோடியில் வாழும் ஒரு ரப்பர் வியாபாரி. இதற்குப் பதில் எழுதவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. என் தாத்தா 1944-இல் காசினோ மலையடியில் சாலை போடும் இந்தியப் படைப்பிரிவில் இருந்தார். இத்துடன் இருப்பது அவர் படம். அவர் இறக்கும்வரை, மேலே இருந்தவர்களுக்குக் கீழே இருந்த எல்லோரும் தெரிந்தார்கள் என்று நம்பினார். மேலே இருந்து பார்த்தபோது கீழே வேலை செய்தவர்கள் உண்மையில் தெரிந்தார்களா? இது ஒன்றுதான் என் கேள்வி. உங்களுக்கும் குடும்பத்தாருக்கும் என் வணக்கம்."

கையெழுத்து கேட்கவில்லை. பதில் வந்தால் அடியில் பெயர் இருக்கத்தானே செய்யும்!

ஒரு சிக்கல். பாட்டா எந்தக் கம்பெனி என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கேவெண்டிஷ் ரோடும் பேச்சுவாக்கில் வந்ததுதான். நிச்சயமில்லாததை எழுத மனம் வரவில்லை.

தக்கலை முன்னாள் சுபேதார்:

கேவெண்டிஷ் ரோடு என்று எழுதாமல் சாலை என்று மட்டும் வைத்தது நல்லது. 4-வது டிவிஷனில் மதராஸ் சாப்பர்ஸ் 12-வது பீல்டு கம்பெனி இருந்தது, 11-வது பீல்டு பார்க் கம்பெனியும் இருந்தது. 1944 பிப்ரவரி 24-இல் இத்தாலியில் மின்யானோ பக்கத்தில் கண்ணிவெடி அகற்றும்போது, வெடிக்கப்போன கண்ணிமேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிரைவிட்டவர் சுபேதார் சுப்பிரமணியன், செங்கல்பட்டு பக்கத்துக்காரர். இறந்தபின் பிரிட்டனின் உயரிய வீரப் பதக்கமான ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். உங்கள் பாட்டாவுக்கு அவரைத் தெரிந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

வீட்டில் டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பழைய பென்ஷன் தாள், பாட்டி பெயரில் குடும்பப் பென்ஷன் வந்திருந்தால் அந்தத் தாள். சர்வீஸ் நம்பர் கிடைத்தால் பெங்களூரில் எம்.இ.ஜி. (மெட்ராஸ் என்ஜினீயர் குரூப், அதாவது இன்றைய மதராஸ் சாப்பர்ஸ்) ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு எழுதலாம், பேரன் என்று காட்டச் சான்றிதழ் நகல் வையுங்கள். கம்பெனி தெரிந்துவிட்டால் லண்டனில் கியூ என்ற பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகத்தில் இத்தாலிப் போர்முனை நாட்குறிப்புகள் இருக்கின்றன. இந்தியப் பிரிவுகளுடையதையும் அங்கே தேடிப் பார்க்கலாம். எந்தத் தேதி எங்கே வேலை செய்தார்கள் என்று நாள்வாரியாக எழுதுவது வழக்கம்.

நம்பர் கிடைத்தால் இங்கே பொதுவில் போடாதீர்கள், எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு எழுதும் மனுவை நானே எழுதித் தருகிறேன்.