ராலே சைக்கிளில் முன் பேட்ஜ் நிற்கவில்லை, அவசரமாக உதவி வேண்டும்

மௌல்மீன்காரன்:
வணக்கம். அப்பாவின் பழைய சைக்கிளைப் பிரித்துப் பெயிண்ட் அடித்து வாங்கிவிட்டேன். எல்லாம் மாட்டியாயிற்று, முன்னால் இருக்கிற கம்பெனி பேட்ஜ் (சின்னத் தகடு) மட்டும் பாக்கி. ஒட்டிப் பார்த்தேன், மறுநாளே விழுந்துவிட்டது. ஆணியும் ஓட்டைக்குள் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பா ரங்கூனிலிருந்து வருகிறார், அதற்குள் மாட்டியாக வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள்.

பெகு சைக்கிள்:
தம்பி, என்ன வண்டி? பேட்ஜ் பித்தளையா அலுமினியமா? எந்தப் பசை போட்டீர்கள்? ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கிற கவை) உள்ளே இருக்கிறதா, கழற்றி வைத்திருக்கிறீர்களா? இது தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது.

தட்டோன் பட்டறை:
ஒட்டுவதுதான் சரி. ஆணி அடித்தால் புதுப் பெயிண்ட் தெறிக்கும், மழைக்கு அந்த இடத்தில்தான் முதலில் துரு வரும். விழுந்ததற்குப் பசை காரணம் இல்லை, பேட்ஜின் வளைவு. குழாயைவிட அது விரிந்திருந்தால் இரண்டு ஓரமும் எழும்பிக்கொண்டே இருக்கும், எந்தப் பசையும் தாங்காது. ஹெட் டியூபைவிட, அதாவது பேட்ஜ் உட்காருகிற முன் குழாயைவிட, கொஞ்சம் ஒல்லியான குழாயில் துணி சுற்றி, அதன்மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி வளையுங்கள். சூடு காட்ட வேண்டாம், பேட்ஜில் நிறம் இருந்தால் கருகிவிடும். அப்புறம் பின்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, எபாக்ஸி பசை போட்டு ஒரு நாள் முழுக்கக் கட்டி வையுங்கள். போதும்.

ரங்கூன் 3 ஸ்பீடு:
இதை நான் இங்கே முன்பே விவரமாக எழுதியிருக்கிறேன். கேட்பதற்கு முன்னால் தேடிப் படிக்கிற பொறுமை இப்போது யாருக்கும் இல்லை. ராலேயா, ஹம்பரா, ரட்ஜா என்றுகூடச் சொல்லாமல் "பழைய சைக்கிள்" என்றால் யார் என்ன பதில் சொல்வது? தொழிற்சாலையில் ஆணி அடித்துப் பொருத்திய பேட்ஜை ஆணி அடித்துத்தான் பொருத்த வேண்டும். பசை போட்டு ஒட்டிய வண்டியைப் புதுப்பித்த வண்டி என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மௌல்மீன்காரன்:
தலைப்பிலேயே ராலே என்று போட்டிருக்கிறேன் அண்ணா. பித்தளை, நாரை போட்டது. மேலே ஒன்று, கீழே ஒன்று ஓட்டை. பெயிண்ட் என்றது பௌடர் கோட்டிங் (பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் பிடிக்க வைப்பது). ஃபோர்க் மாட்டியாயிற்று. கீழ் ஓட்டையில் ஆணி பாதி இறங்குகிறது, மேலே நுனிகூடப் போகவில்லை. கடையில் 2.4 மி.மீ. பாப் ரிவெட் (கருவியால் இழுத்து இறுக்குகிற ஆணி) கொடுத்தார்கள். ஓட்டையைப் பெரிதாக்கி அதைப் போட்டுவிடட்டுமா?

பெகு சைக்கிள்:
வேண்டாம், தயவுசெய்து நிறுத்துங்கள். ஹெட் டியூபுக்குள் போகிற ஃபோர்க் தண்டு 25.4 மி.மீ. (1 அங்குலம்). இந்த மாதிரி வண்டிகளில் ஹெட் டியூபின் உள்விட்டம் ஏறக்குறைய 30 மி.மீ. அப்படியானால் தண்டைச் சுற்றி இருப்பது 2 மி.மீ. சொச்சம் இடைவெளிதான். பாப் ரிவெட்டின் பின்பக்கம் உருண்டு திரண்டு அதற்குமேல் உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும். ஹாண்டிலைத் திருப்புகிற ஒவ்வொரு தடவையும் தண்டை உரசும். நிதானமாகப் போகிற வண்டியானாலும் ஃபோர்க் தண்டு அறுபடுவது விளையாட்டு இல்லை. நல்ல ஓட்டையையும் கெடுத்துக்கொள்வீர்கள்.

இரண்டு ஓட்டையிலும் ஒரே கோளாறு இல்லை என்று நினைக்கிறேன். கீழே பௌடர் அடைத்திருக்கிறது. சின்ன டிரில் பிட்டை விரலால் பிடித்துத் திருப்பினாலே வந்துவிடும், மிஷின் வேண்டாம். மேலே பழைய ஆணியின் துண்டு உள்ளேயே நிற்கலாம். பேட்ஜைக் கழற்றும்போது ஆணி முழுசாக வந்ததா, தலை மட்டும் வந்ததா?

பழைய மணி:
மாட்டுவதற்கு முன்னால் பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்துவிடுங்கள். குத்துவிளக்கு மாதிரி வரும்.

ரங்கூன் 3 ஸ்பீடு:
புளியா! நாரை பேட்ஜின் பள்ளங்களில் நிறம் போட்டிருப்பார்கள். புளியும் தேய்ப்பும் சேர்ந்தால் அந்த நிறம் போய்விடும். அசல் நிறத்தை அழித்துவிட்டு எதற்குப் புதுப்பிக்க வேண்டும்? இன்னொன்று, அது இங்கிலாந்தின் நாட்டிங்காம் ராலேயா, இந்தியாவின் அசன்சோல் சென்-ராலேயா? பின் ஹப்பை (சக்கரத்தின் நடுக்குடத்தை) பாருங்கள். ஸ்டர்மி ஆர்ச்சர் கியர் ஹப் என்றால் வருடமும் மாதமும் அதிலேயே குத்தியிருக்கும்.

பழைய மணி:
எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாகப் பித்தளைக்குப் புளிதான். நிறம் மிச்சம் இருந்தால் அந்த இடத்தை விட்டுத் தேய்க்கத் தெரியாதா? அப்புறம், கியர் இல்லாத வண்டியாக இருந்தால் அந்த ஹப்புக்கு எங்கே போவார்? இங்கே ஓடினதில் பாதிக்குமேல் ராடு பிரேக் போட்ட, கியர் இல்லாத வண்டிகள்.

ரங்கூன் 3 ஸ்பீடு:
அப்படியானால் சட்ட எண்ணை (ஃபிரேம் நம்பரை) பார்க்கட்டும். ராலே 1932-இல் ஹம்பரை வாங்கியது, 1943-இல் ரட்ஜை வாங்கியது. ஒரு வண்டியின் பேட்ஜ் இன்னொன்றில் ஏறியிருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஓட்டைகளின் தூரம் ஒத்துவராமல் ஆணி இறங்காததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

பெகு சைக்கிள்:
இருக்கலாம், ஆனால் அப்பாவின் வண்டியிலிருந்து கழற்றின பேட்ஜ் என்றுதான் தெரிகிறது. வரலாறு ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் பேசலாம்.

தம்பி, ஆணி எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். ஜெனரேட்டர், மோட்டார் எல்லாவற்றிலும் பெயர்த் தகடு ஒன்று இருக்கும் அல்லவா, அதைப் பிடித்திருப்பது சுத்தியலால் அடித்து இறக்குகிற திருகாணி. தண்டில் சாய்வாக வரி ஓடும், தலை உருண்டையாக இருக்கும். கரண்ட் போய்ப் போய் வருகிற நாட்டில் ஜெனரேட்டர் பழுது பார்க்கிற கடைக்குப் பஞ்சமில்லை, பேட்ஜைக் கையோடு கொண்டுபோய் அளவு பாருங்கள். நீளம் 3 மி.மீ. வேண்டும், 5-க்குமேல் வேண்டாம். அடிக்கும்போது ஃபோர்க் வெளியே இருக்கட்டும். ஹெட் டியூபை மரக்கட்டையில் பள்ளம் செதுக்கி அதில் படுக்க வையுங்கள், சுற்றி டேப் ஒட்டினால் பெயிண்டுக்கு அடிபடாது. உள்ளே நீட்டினால் வட்ட அரத்தால் ராவிவிடலாம்.

தட்டோன் பட்டறை:
ஆணிதான் அடிப்பது என்று முடிவானால், ஓட்டையின் விளிம்பிலும் பேட்ஜின் பின்பக்கத்திலும் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். பித்தளையும் இரும்பும் சேர்கிற இடத்தில் ஈரம் நின்றால் அரிக்கப்படுவது இரும்புதான். மௌல்மீன் மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வளைவைச் சரிசெய்யச் சொன்னேனே, அது ஆணிக்கும் வேண்டும். இல்லாவிட்டால் ஓரம் தூக்கிக்கொண்டு தண்ணீர் உள்ளே இறங்கும்.

ரங்கூன் 3 ஸ்பீடு:
ஃபோர்க்கைக் கழற்றும்போது பேரிங் குண்டுகளை எண்ணி வைக்கச் சொல்லுங்கள். மேலே எத்தனை, கீழே எத்தனை என்று தனித்தனியாக.

பெகு சைக்கிள்:
சரியான பேச்சு. இது முக்கியம் தம்பி.

மௌல்மீன்காரன்:
மாட்டியாயிற்று. மேலே பழைய ஆணித் துண்டுதான். ஃபோர்க்கைக் கழற்றி உள்ளேயிருந்து தட்டினேன், வெளியே வந்தது. திருகாணி ஜெனரேட்டர் கடையில் சும்மாவே கொடுத்தார்கள். எல்லோருக்கும் நன்றி.

ரங்கூன் 3 ஸ்பீடு:
சட்ட எண்ணைச் சொல்லவில்லையே?

பழைய மணி:
புளி போட்டீர்களா?