மறு: ‘கீ புரோகிராமிங்’: நிரலாக்கமா, பதிவா, சேர்ப்பா?

அனைவருக்கும் வணக்கம். நாம் தமிழில் எழுதும் கார் வொயரிங் கையேட்டில், புதுச் சாவியை வண்டி ஏற்கும்படி செய்யும் ‘கீ புரோகிராமிங்’ வேலைக்கு என்ன சொல் போடுவது என்ற விவாதத்துக்கு என் பதில் இது.

> ‘சாவி நிரலாக்கம்’ என்றே முடித்துவிடலாமா? பலரும் அதற்குத்தான் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள்.

அவசரப்பட வேண்டாம் என்பது என் கட்சி. கார் வொயரிங் கையேட்டில் சாவியைப் பற்றிய பாடம் முழுக்க இந்த ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது. சொல் பிசகினால் படிப்பவர் தப்பான இடத்தில் கை வைப்பார், காசும் போகும்.

நிரலாக்கம் என்றதும் என்ன தோன்றும்? சாவிக்குள் யாரோ ஏதோ எழுதுகிறார்கள், அது அழிந்தால் சாவி செத்துவிடும் என்று தோன்றும். நடப்பதோ பெரும்பாலும் காரின் பக்கம். சாவியின் தலைக்குள் பேட்டரி இல்லாத ஒரு சிப் இருக்கிறது. சாவியைப் போடும் பூட்டைச் சுற்றி ஒரு செம்புக்கம்பிச் சுருள். சாவியைத் திருப்பியதும் அந்தச் சுருள், பெரும்பாலான வண்டிகளில் 125 கிலோஹெர்ட்ஸில், அலையை எழுப்பும். சிப் அந்த அலையிலிருந்தே தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும். புதிய வகையாக இருந்தால் கார் கேட்ட கேள்விக்குக் கணக்குப் போட்டு விடை சொல்லும். காரின் நினைவகத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. விடை அதோடு ஒத்துப்போனால் பெட்ரோல் பீச்ச அனுமதி. இல்லாவிட்டால் டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு மினுக்கும், வண்டி கிளம்பாது. சிலவற்றில் கிளம்பி ஒரு நொடியில் அணையும், சிலவற்றில் செல்ஃபே எடுக்காது.

ஆக, ‘கீ புரோகிராமிங்’ என்று நாம் சொல்லுகிற வேலை அந்தப் பட்டியலில் இன்னொரு சாவியைச் சேர்ப்பதுதான். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது மாதிரி. பிள்ளை பிறந்தால் சேர்க்கிறோம், பெண் கல்யாணமாகிப் போனால் நீக்குகிறோம். பிள்ளையின் நெற்றியில் யாரும் எதையும் எழுதுவதில்லை. தொலைந்த சாவியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டால், அதைக் கண்டெடுத்தவன் கதவைத் திறக்கலாம், வண்டியைக் கிளப்ப முடியாது. அதனால் என் முன்மொழிவு ‘சாவி சேர்ப்பு’, ‘சாவி நீக்கம்’. வினையாகச் சொன்னால் சாவியைச் சேர், சாவியை நீக்கு. பட்டியலில் இல்லாதது சேராத சாவி. (நடுவில் ஒற்று மிகுமா மிகாதா என்ற சண்டையை இலக்கணம் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுகிறேன்.)

ஒரு சொல்லுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று குடவாசல் நண்பர் கேட்டிருந்தார். எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். சாவியின் ரப்பர் பட்டன் கிழிந்துபோனதால் ஆன்லைனில் வெறும் ஓடு வாங்கினார். பழைய ஓட்டைக் கத்தியால் நெம்பித் திறந்து, உள்ளே இருந்த பச்சை போர்டை எடுத்துப் புது ஓட்டில் வைத்து மூடினார். பட்டனை அழுத்தினால் கதவு பூட்டுகிறது, திறக்கிறது. வண்டி மட்டும் கிளம்பவில்லை. ‘புரோகிராம் அழிஞ்சு போச்சு’ என்று யாரோ சொல்ல, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு கும்பகோணம் போகத் தயாராகிவிட்டார். பழைய ஓடு எங்கே என்று கேட்டேன். குப்பைக்கூடையில் கிடந்தது. அதன் மூலையில், விரல் நகத்தில் பாதிகூட இல்லாத ஒரு கறுப்புத் துண்டு பசை போட்டு ஒட்டியிருந்தது. அதுதான் சிப். ஊக்கால் மெல்ல நெம்பி எடுத்து, புது ஓட்டில் அதற்கென்று விட்டிருந்த குழியில் வைத்ததும் முதல் திருப்பிலேயே வண்டி கிளம்பிவிட்டது. ஓடு மாற்றும் எல்லோருக்கும் கையேட்டில் இதைப் பெரிய எழுத்தில் போட வேண்டும். சில சாவிகளில் அது கறுப்புத் துண்டாக இல்லாமல் மெல்லிய கண்ணாடிக் குழலாக இருக்கும், நெம்பினால் உடையும். சிலவற்றில் போர்டிலேயே சேர்ந்திருக்கும், அப்போது கவலையில்லை.

அவரைக் குழப்பியது அந்த ஒற்றைச் சொல்தான். ஒரு சாவிக்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன. சாவியின் உலோக அலகை வெட்டுவது ஒன்று. இதற்கு நம் ஊரில் அரத்தால் ராவிச் சாவி செய்பவரே போதும். சிப்பைப் பட்டியலில் சேர்ப்பது இரண்டாவது. ரிமோட் பட்டன் மூன்றாவது. ரிமோட் முற்றிலும் வேறு சமாசாரம்: இங்கே ஓடும் வண்டிகளில் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ், அதற்கென்று சிஆர் 2032 மாதிரி பட்டன் பேட்டரி, அழுத்தும் ஒவ்வொரு தடவையும் மாறும் எண். பேட்டரி தீர்ந்தால் பட்டனால் கதவு திறக்காது, ஆனால் அலகால் கதவைத் திறந்து வண்டியைக் கிளப்பலாம். ரிமோட்டும் காரும் எண் வரிசையில் விலகிப்போனால் அதற்கு ‘ஒத்திசைவு’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. சில வண்டிகளில் சாவியை இத்தனை தடவை திருப்பு, கதவை இத்தனை தடவை திற என்று ஒரு வரிசையில் செய்தாலே ரிமோட் ஒத்திசைந்துவிடும். சிப்புக்கு அது பெரும்பாலும் நடக்காது. வண்டியின் கணினியோடு பேசும் ஸ்கேனர் கருவியும் வண்டியின் ரகசிய எண்ணும் வேண்டும். எல்லாவற்றையும் நிரலாக்கம் என்று ஒரே பையில் போட்டால், யூடியூபில் ரிமோட் வீடியோவைப் பார்த்துவிட்டு சிப்போடு மல்லுக்கட்டுவார்கள்.

மற்ற முன்மொழிவுகளுக்கு வருகிறேன்.

> ‘சாவிப் பதிவு’ எளிமையாக இருக்கிறதே?

எளிமைதான். ஆனால் வண்டி விஷயத்தில் பதிவு என்றால் ஆர்டிஓ அலுவலகமும் ஆர்சி புத்தகமும்தான் முதலில் கண்ணில் நிற்கும். ‘சாவி இணைப்பு’ இன்னும் மோசம். வொயரிங் கையேட்டில் பக்கத்துக்குப் பத்து இடத்தில் இணைப்பு வருகிறது, எல்லாம் கம்பி இணைப்பு. மாயவரத்துச் சகோதரி சொன்ன ‘சாவி அறிமுகம்’ எனக்கு மிகவும் பிடித்தது, நடப்பதையும் சரியாகச் சொல்கிறது. ஆனால் அதற்கு எதிர்ச்சொல் கிடையாது. அறிமுகமானவரை மறக்கலாம், ‘அறிமுக நீக்கம்’ என்று எழுத முடியுமா? ‘சேர்க்கை’ என்று திருத்தியவருக்கு: கல்லூரி விளம்பரம் மாதிரி இருக்கிறது, சேர்ப்பாகவே இருக்கட்டும்.

நிரலாக்கத்தை ஒதுக்க இன்னொரு காரணமும் உண்டு. எஞ்சின் கணினிக்குள் இருக்கும் மென்பொருளையே மாற்றி ஏற்றுகிறார்களே, அதற்குத்தான் அந்தச் சொல்லின் உறவுக்காரன் வேண்டும். ‘நிரலேற்றம்’ என்று அதற்குக் கொடுத்துவிடலாம். அது வீட்டில் செய்து பார்க்கிற வேலை அல்ல. பாதியில் பேட்டரி இறங்கினால் கணினியே வீணாகலாம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் ஒன்றைச் செய்யப் பயப்பட வேண்டியவர் பயப்பட மாட்டார், மற்றதற்குப் பயப்பட வேண்டாதவர் பயப்படுவார்.

அந்தப் பயம் நம் பக்கத்தில் நிறைய இருக்கிறது. ‘பேட்டரியைக் கழட்டினா சாவி கோடிங் போயிடும்’ என்று சொல்லாத ஒர்க்‌ஷாப் குறைவு. போகாது. பட்டியல் இருப்பது மின்சாரம் இல்லாவிட்டாலும் அழியாத நினைவகத்தில். ரேடியோ கடவு எண்ணைக் கேட்கலாம், கடிகாரத்தின் நேரம் போகலாம், சாவிகள் போகா. ‘சேர்ப்பு போய்விட்டது’ என்று சொல்லிப் பாருங்கள், ‘யார் நீக்கினார்கள்?’ என்ற கேள்வி தானாக வரும். அதுதான் சரியான கேள்வி. யாரும் நீக்கவில்லை என்றால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது.

டெல்டாவில் அந்த ‘வேறு எங்கோ’ அநேகமாக மூன்றில் ஒன்று. முதலாவது எலி. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து வயல் காலியானதும் எலி வீட்டுப் பக்கம் ஒதுங்கும். களத்தோரம் நிற்கும் வண்டியின் பானட்டுக்குள் கூடு கட்டிக்கொண்டு வொயரைக் கொறிக்கும். ஸ்கேனர் வண்டியோடு பேசவே மறுத்தால், பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் செருகும் பதினாறு கால் சாக்கெட்டில் 6ஆம் காலுக்கும் 14ஆம் காலுக்கும் நடுவே மல்டிமீட்டரால் ஓம் பாருங்கள். அந்தக் கால்களில் கேன் லைன் (வண்டியின் கணினிகள் ஒன்றோடொன்று பேசும் கம்பி ஜோடி) வரும் வண்டிகளில் வழக்கமாக 60 ஓம் அளவில் காட்ட வேண்டும், ஏனென்றால் இரு முனையிலும் 120 ஓம் தடை இருக்கிறது. 120 காட்டினால் அநேகமாக லைன் எங்கோ அறுந்திருக்கிறது. இரண்டாவது களிம்பு. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புக்காற்று; உள்ளே வந்தால் ஐப்பசி, கார்த்திகையில் தரைவிரிப்புக்கு அடியில் தேங்கும் தண்ணீர். கனெக்டரைப் பிரித்தால் பித்தளைக் கால்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். மூன்றாவது பேட்டரியும், அதன் மைனஸை வண்டியின் உடலோடு சேர்க்கும் எர்த்தும். ஓய்வில் பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி மைனஸ் முனைக்கும் எஞ்சின் கட்டைக்கும் நடுவே அரை வோல்ட்டைத் தாண்டினால், எர்த் பட்டையைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்குங்கள். அப்புறம் சாவியைச் சந்தேகப்படலாம். இரண்டு சிப் சாவிகளை ஒரே வளையத்தில் கோத்திருந்தால் அதையும் பிரித்துப் பாருங்கள், ஒன்றின் விடையில் மற்றது குறுக்கிடலாம்.

‘எர்த்’துக்குப் ‘புவியிணைப்பு’ என்று வந்த முன்மொழிவை வீட்டு வொயரிங்கோடு நிறுத்திக்கொள்ளலாம். கார் நாலு ரப்பர் டயர் மேல் நிற்கிறது. புவிக்கும் அதற்கும் இணைப்பே இல்லை. சட்டகத்தோடு இணைப்பதால் ‘சட்ட இணைப்பு’ என்றார் ஒருவர். வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் ‘பாடி எர்த்’ என்கிறார்கள், அப்படியே எழுதலாம்.

‘சிப்’புக்குச் ‘சில்லு’ போடலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். யாழ்ப்பாணத்து அன்பர் அழகாக மடக்கிவிட்டார்: அவர்கள் ஊரில் சில்லு என்றால் சக்கரம். கார்ப் புத்தகத்தில் ‘சாவிக்குள் சில்லு இருக்கிறது’ என்று எழுதினால் அவர்கள் சிரிப்பார்கள். கணினிப் புத்தகத்தில் சில்லு இருக்கட்டும், இங்கே சிப். சாவி செய்பவர்களும் ‘சிப் சாவி’ என்றுதான் கேட்கிறார்கள்.

சேராத சாவியால் எஞ்சின் கிளம்பாமல் தடுக்கும் இம்மொபிலைசருக்கு ‘அசையாக்கருவி’ வேண்டாம். வண்டியை நியூட்ரலில் போட்டுத் தள்ளினால் அது அசையத்தான் செய்யும், கட்டி இழுத்தும் போகலாம். எஞ்சினை முடக்குவதுதான் அதன் வேலை. ‘முடக்கி’ போதும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 முதல் புதுக் கார்களில் கட்டாயமான சாதனம் இது. இங்கே மாருதி வண்டிக்காரர்கள் ஐ-கேட்ஸ் என்ற பெயரில் அறிவார்கள்.

திருத்துறைப்பூண்டி நண்பரின் ஆட்சேபம்தான் எனக்கு எதிரான நல்ல ஆட்சேபம்.

> சில வண்டிகளில் சேர்க்கும்போது சிப்புக்குள்ளும் ரகசிய எண் எழுதப்படுகிறதே? அப்போது நிரலாக்கம் சரிதானே?

எழுதப்படுகிறது, மறுக்கவில்லை. எப்போதும் ஒரே எண்ணைச் சொல்லும் பழைய நிலையெண் சிப்புகளில் எதையும் எழுத முடியாது, கார்தான் எண்ணைக் குறித்துக்கொள்ளும். கேள்விக்குக் கணக்குப் போட்டு விடை சொல்லும் மறையீட்டுச் சிப்புகளில் பல, சேர்க்கப்படும்போது அந்த வண்டிக்கான ரகசியத்தை வாங்கி வைத்துக்கொண்டு பூட்டிக்கொள்கின்றன. அதனால்தான் பழைய சாமான் கடையில் வாங்கிய சாவி பலசமயம் வேறு வண்டியில் சேர மறுக்கிறது. ஆனால் அங்கேயும் நிரல் எதுவும் எழுதப்படவில்லை, ஓர் எண்தான் எழுதப்படுகிறது. சேர்ப்பில் இரு தரப்பும் குறித்துக்கொள்கின்றன என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அப்படிப் பூட்டிக்கொண்டதற்குக் ‘கட்டுப்பட்ட சிப்’ என்று வைக்கலாமா என்று அவரே சொல்லட்டும்.

எல்லாச் சாவியும் தொலைந்த வண்டிக்கு நினைவகத்தைக் கழற்றி ரகசிய எண்ணை எடுக்கும் முறையையும் எழுத வேண்டும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்குச் சம்மதமில்லை. ஆர்சியும் அடையாள அட்டையும் பார்த்துவிட்டுச் செய்கிற இடத்தில் செய்துகொள்ளட்டும். வேலை செய்யும் சாவி ஒன்று கையில் இருக்கும்போதே இரண்டாவதைச் சேர்த்து வையுங்கள், வண்டி வாங்கும்போது கொடுத்த ரகசிய எண் அட்டையைக் காருக்குள் வைக்காமல் வீட்டில் வையுங்கள் என்பதோடு பாடம் நிற்கட்டும்.

பாடத்தின் தொடக்கத்தை இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

“புதுச் சாவியை வெட்டியபின் அதை வண்டியில் சேர்க்க வேண்டும். சேராத சாவியால் கதவு திறக்கும், எஞ்சின் கிளம்பாது. முடக்கி விளக்கு மினுக்கும். சேர்க்கும் முன் பேட்டரியில் 12.4 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ரகசிய எண்ணைத் தப்பாகத் திரும்பத் திரும்ப அடித்தால் வண்டி சிறிது நேரம் கேட்க மறுக்கலாம். சாவியை ஆன் நிலையிலேயே விட்டுக் காத்திருங்கள். தொலைந்த சாவி இருந்தால் இப்போதே நீக்கிவிடுங்கள். சில ஸ்கேனர்கள் எல்லாச் சாவியையும் நீக்கிவிட்டுத்தான் சேர்க்கும். ஆகவே வீட்டில் உள்ள எல்லாச் சாவிகளையும் கையோடு கொண்டுவாருங்கள்.”

ஒன்று மட்டும் பாக்கி. பூட்டைச் சுற்றி இருக்கும் அந்தச் சுருளுக்குச் ‘சாவி வளையம்’ என்று எழுதியிருந்தேன். சாவிக்கொத்து மாட்டும் வளையம் என்று படித்துவிடுவார்கள் என்று வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள். ‘பூட்டுச் சுருள்’ என்று மாற்றியிருக்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், சனிக்கிழமை பாடம் அச்சுக்குப் போகிறது.

அன்புடன்,
திருவாரூரிலிருந்து